ஆயாவின் பூ ஜடையும் பேத்தியின் அரை முடியும்

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை. டியூஷனுக்குப் போன என் மகள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கழித்து, துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். "அம்மா, கத்தக் கூடாது" என்றாள். கத்தக் கூடாது என்று ஒரு பெண் முன்கூட்டியே சொன்னால், கத்துவதற்கு ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? துப்பட்டாவை எடுத்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த பின்னலைக் காணோம்! முடி தோளோடு நின்றுவிட்டது. கையில் ஒரு காகிதப் பொட்டலம். அதற்குள், பின்னினது பின்னினபடியே, இரண்டு முனையிலும் ரப்பர் பாண்டு போட்டு, என் பதினைந்து வருஷ உழைப்பு.

உழைப்பு என்கிறேனே என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே. ஒரு வயதில் திருத்தணியில் மொட்டை போட்டு, அதற்குப் பிறகு வளர்ந்த முடி அது. வாரம் ஒரு நாள் நல்லெண்ணெய், சீயக்காய். பள்ளிக்கூடத்தில் பேன் பிடித்துக்கொண்டு வந்தால் விளக்குக்கு அடியில் உட்கார்ந்து ஈருளி. காலையில் ஏழு மணிக்கு இட்லித் தட்டு ஒரு பக்கம், சீப்பு ஒரு பக்கம், "ஆடாதே, ஆடாதே" என்று தலையில் ஒரு குட்டு. பெண் பெற்றவர்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கத்தவில்லை. இரண்டு நாள் பேசவே இல்லை. எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். வீட்டில் என் மாமியார் இருக்கிறார். எண்பத்திரண்டு வயசு. பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டில் பிறந்து, தார் சுற்றி வளர்ந்தவர். விளக்கு வைத்த நேரத்தில் நான் தலை உலர்த்திக்கொண்டு நின்றால்கூட, "இன்னாத்துக்குத் தலைய விரிச்சிப் போட்டுக்கினு நிக்கிற? வூட்ல யாருக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்கிறவர். அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, பின்கழுத்தைத் தடவிப் பார்த்து, "வெயிலுக்கு ஜில்லுனு இருக்குமே!" என்றாரே பார்க்கலாம்!

ஏன் அப்படிச் சொன்னார் என்பதை மூன்றாம் நாள்தான் சொன்னார். அதற்குப் பிறகு வருகிறேன். இரண்டு நாள் வாய் மூடி இருந்ததில் எனக்கு ஒரு லாபம், நிறைய யோசிக்க முடிந்தது. நேற்றுவரை அழகாக இருந்த ஒரு தலை அலங்காரம் இன்றைக்கு ஏன் பட்டிக்காடாகிவிடுகிறது? நேற்று அமங்கலமாக இருந்தது இன்றைக்கு எப்படிக் கல்யாண ரிசப்ஷன் மேடையில் ஏறி நிற்கிறது?

விரித்த தலை

உண்மையிலேயே பெரிய மாறுதல் இந்த விரித்த தலைதான். கொண்டை, பின்னல், கட் எல்லாம் சின்ன மாறுதல்கள். எங்கள் பக்கத்து கிராமங்களில் கோடைக்காலத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரியில் தெருக்கூத்து. கடைசி நாள் படுகளம். களத்து மண்ணில் துரியோதனனை மண்ணாலேயே பிரம்மாண்டமாகப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரர் வந்து தொடையில் அடிப்பார். அதன் பிறகுதான் திரௌபதி அவிழ்த்துப் போட்ட கூந்தலை அள்ளி முடிவாள். அந்த நிமிஷத்துக்காக வயசான பெண்கள் வெயிலில் மணிக்கணக்காகக் காத்திருந்து பார்த்திருக்கிறேன். விரித்த தலை என்றால் சபதம், இல்லாவிட்டால் சாவு வீடு. முடிந்த தலை என்றால் வீடு வாசல் சரியாக இருக்கிறது. இதுதான் நம் பக்கத்துப் பாஷை. இதை யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அந்தப் பாஷை எப்போது மாறியது? எனக்குத் தோன்றுகிற பதிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஷாம்பு பாக்கெட் வந்தபோது! எண்ணெய் தேய்த்த தலையை விரித்துப் போட முடியாது. ரவிக்கை முதுகெல்லாம் கறை. சீயக்காயில் அலசினால் காயவே அரை நாள், சிக்கு எடுக்க ஒரு மணி. ஷாம்பு புட்டி வசதியானவர்கள் வீட்டுப் பொருளாக இருந்தது. நம் கடலூரில்தான் சின்னிகிருஷ்ணன் என்பவர் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று கண்டுபிடித்தார். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் 'சிக்' ஷாம்புவை ஆரம்பித்தார். பெட்டிக்கடையில் ஊறுகாய் பாக்கெட் பக்கத்தில் ஷாம்பு சரம் தொங்க ஆரம்பித்தது. எண்ணெய் பளபளப்புதான் அழகு என்பது போய், பறக்கிற முடிதான் அழகு என்று ஆயிற்று. "எண்ணெய் வழியுது" என்பது வசவாகவே ஆகிவிட்டது. சினிமாவும் விளம்பரமும் செய்ததில் பாதி வேலையை அந்தப் பாக்கெட் செய்துவிட்டது என்பேன்.

கல்லில் பார்த்த கொண்டை

நம் காஞ்சிபுரத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பழைய தலை அலங்காரத்தைப் பார்க்க மியூசியத்துக்குப் போக வேண்டாம். கைலாசநாதர் கோயிலுக்குப் போனால் போதும். எட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பல்லவ ராஜசிம்மன் கட்டியது. முன்னால் வரிசையாக இருக்கிற சின்னக் கோயில்களில் ஒன்றை அவன் ராணி ரங்கபதாகை கட்டினாள் என்று கல்வெட்டே சொல்கிறது. பிரகாரத்தில் சோமாஸ்கந்தர் சிற்பங்களில் அம்மனுக்குக் கூடையைக் கவிழ்த்த மாதிரி கரண்ட மகுடம். சுவாமிக்கு ஜடா மகுடம், அதாவது முடியையே அடுக்கடுக்காகத் தூக்கிக் கட்டிய கிரீடம். வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபம் விஜயநகர காலத்தது. அந்தக் காலத்துச் சிலைகளில் கொண்டை பக்கவாட்டில் சரிந்துவிடும். ஆண்டாள் கொண்டை என்று மார்கழியில் நம் குழந்தைகளுக்குப் போட்டுவிடுகிறோமே, அதே சரிவு.

அதற்கும் முன்னால் சங்க காலத்திலேயே கூந்தலுக்கு 'ஐம்பால்' என்று ஒரு பெயர். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று ஐந்து விதமாக முடிக்கலாம் என்பதால் வந்த பெயர் என்கிறார்கள் உரைக்காரர்கள். ஆக, "எங்க காலத்துல ஒரே பின்னல்தான், இப்பத்தான் இந்தக் கூத்தெல்லாம்" என்று எந்தப் பாட்டியாவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆண்களை மட்டும் விட்டுவிடுவானேன்? தமிழ்நாட்டில் கடந்த இருநூறு வருஷத்தில் நடந்த மிகப் பெரிய தலை மாற்றம் பெண்களுடையது அல்ல, ஆண்களின் குடுமி போய் கிராப்பு வந்ததுதான். கிறிஸ்தவர்களான தமிழர்கள் குடுமி வைத்துக்கொள்ளலாமா, அது மத அடையாளமா வெறும் வழக்கமா என்று பாதிரிமார்களுக்குள் நடந்த சண்டையில், கால்டுவெல் 1867-ல் குடுமியைப் பற்றித் தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். நம் ஊரில் எழுத்தோடு நின்றது. சீனாவில் 1645-ல், முன்தலையைச் சிரைத்துப் பின்னல் விடாத ஆணுக்குத் தலையே போகும் என்று மஞ்சு அரசாங்கம் உத்தரவு போட்டது. 1911 புரட்சியில் அந்த அரசு ஆட்டம் கண்டதும் கத்தரிக்கோல்தான் கொண்டாட்டம்.

இங்கிலாந்தில் இதைவிட வேடிக்கை. அங்கே பெரிய மனிதர்கள் தலையில் வெள்ளைப் பவுடர் தூவிக்கொள்வது நாகரிகமாக இருந்தது. 1795-ல் யுத்தச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று, பவுடர் போடுகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு கினி வரி கட்ட வேண்டும் என்றார்கள். பாதிப் பேருக்கு மேல் பவுடர் டப்பாவை மூடி வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அந்த ஃபாஷன் அதோடு தேய்ந்தே போயிற்று. கணவன்மார்களுக்கு இந்த யோசனையைச் சொல்லிவிடாதீர்கள்!

ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி

ஒரு ஸ்டைல் பிறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அற்பமாகத்தான் இருக்கும். 1960-ல் 'லவ் இன் சிம்லா' என்ற ஹிந்திப் படம் வந்தது. புது நடிகை சாதனாவுக்கு நெற்றி அகலம். அதை மறைக்க என்ன செய்வது என்று யோசித்த டைரக்டர் நய்யார், ஆட்ரி ஹெப்பர்ன் என்ற ஹாலிவுட் நடிகையைப் போல முன்முடியை நெற்றியில் வெட்டிவிடச் சொன்னார். அவ்வளவுதான். நெற்றி அகலமே இல்லாத பெண்கள்கூட 'சாதனா கட்' என்று வெட்டிக்கொண்டார்கள். அதே 1960-ல் சிகாகோவில் மார்கரெட் ஹெல்ட் என்ற அழகுக்கலைக்காரி ஒரு பத்திரிகைக்காகத் தேன்கூடு மாதிரி உயரக் கொண்டை ஒன்றைக் கண்டுபிடித்தார். நம் ஊருக்கு அது வர எத்தனை நாள் ஆயிற்று? 'அன்பே வா' (1966) சரோஜாதேவியை நினைத்துப் பாருங்கள். உள்ளே சவுரியை உருட்டி வைத்து, மேலே சொந்த முடியைப் போர்த்தி, ஊசி குத்தி, எங்கள் சித்திமார்கள் எல்லாம் அந்த உயரத்தில்தான் கல்யாணப் போட்டோவில் இருக்கிறார்கள். 1981-ல் டயானா கல்யாணம் நடந்ததும் பட்டணத்து பியூட்டி பார்லர்களில் 'டயானா கட்'.

சரி, பிறந்தது புரிகிறது. ஏன் செத்துப் போகிறது? சிம்மெல் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் 1904-லேயே இதற்குப் பதில் எழுதினார். மேலே இருக்கிறவர்கள் தங்களைத் தனியாகக் காட்டிக்கொள்ள ஒன்றை ஆரம்பிக்கிறார்கள். கீழே இருக்கிறவர்கள் அவர்களைப் போல ஆக அதையே எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாரிடமும் வந்துவிட்டால் மேலே இருக்கிறவர்களுக்கு அது சலித்துவிடுகிறது. காஞ்சிபுரத்து ஜவுளிக் கடையில் ஒரு நாள் உட்கார்ந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். "இந்த பார்டர் எல்லார்கிட்டயும் இருக்கே, வேற காட்டுங்க" என்று சொல்லாத பெண் உண்டா?

திரும்பி எப்படி வருகிறது என்பதைச் சொன்னவர் ஜேம்ஸ் லேவர். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருந்தவர். 1937-ல் அவர் போட்ட கணக்கு இது: ஒரு ஃபாஷன் போய் பத்து வருஷத்தில் அது கோரம், இருபது வருஷத்தில் கேலி, முப்பதில் வேடிக்கை, ஐம்பதில் 'அட, விசித்திரமாக இருக்கிறதே', எழுபதில் கவர்ச்சி, நூறு வருஷமானால் காவியம்! மாமியாரிடம் இதைச் சொன்னேன். அவர் லேவருக்கு அசரவில்லை. "இதுக்கு இன்னாத்துக்கு லண்டன் போவணும்? மயில் கழுத்து கலரு எத்தினி வாட்டி போயி வந்துச்சி தெரியுமா? அம்மா கட்டினத பொண்ணு கட்ட மாட்டா. ஆயா கட்டினத எடுத்துக் கட்டிக்குவா" என்றார்.

எங்கேயும் போகாமல் ஓர் இடத்தில் பத்திரமாக இருந்துவிடுகிற அலங்காரங்களும் உண்டு. 1936-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவை ஆரம்பித்தார். ராக்கொடி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, குஞ்சலம் எல்லாம் வீட்டுப் பெட்டியிலிருந்து காணாமல் போனபோது பரதநாட்டிய மேடை அவற்றைக் காப்பாற்றி வைத்தது. கச்சேரி மேடையில் எம்.எஸ். அம்மாவின் மல்லிகைப்பூ சுற்றிய கொண்டை. அவருக்காக நம் ஊர் முத்து செட்டியார் நெய்த நீலத்துக்கு 'எம்.எஸ். நீலம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் கொண்டைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனாலும் மேடை ஏறுகிற பாடகிகள் பலர் இன்னும் அப்படியேதான் முடிகிறார்கள்.

பின்ன ஒரு கை வேண்டும்

இத்தனை பேர் சொன்னதிலும் எனக்கு ஒரு குறை தோன்றியது. இவர்கள் எல்லாரும் தலையைப் பார்த்தார்கள். பின்னுகிற கையைப் பார்க்கவில்லை.

பூ ஜடையை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் மல்லிகை கொட்டுகிற இரண்டு மூன்று மாசத்தில், பெண் குழந்தை இருக்கிற வீடுகளில் ஒரு நாளாவது பூ ஜடை தைக்காமல் இருக்க மாட்டார்கள். காலையிலேயே மொட்டாக வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும், மலர்ந்துவிட்டால் போச்சு. முடியைச் சவுரி வைத்து இறுக்கிப் பின்னி, வாழைமட்டையிலிருந்து உரித்த பட்டையைப் பின்னல் நீளத்துக்கு வெட்டி, மொட்டுகளை ஒரே அளவாகப் பொறுக்கி ஊசி நூலால் வரிசை வரிசையாகத் தைக்க வேண்டும். நடுவில் கனகாம்பரம், மரிக்கொழுந்து. கிடைத்தால் தாழம்பூ மடல். நுனியில் குஞ்சலம். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம். குழந்தை நடுவில் தூங்கி விழும். அப்புறம் அப்படியே ஸ்டூடியோவுக்கு அழைத்துக்கொண்டு போய்ப் போட்டோ. ஜடை தெரிய வேண்டுமே, அதற்காகப் பின்னால் ஓர் ஆளுயரக் கண்ணாடி வைத்து எடுப்பார்கள். குழந்தை முகத்தில் அழுகை, கண்ணாடியில் ஜடை! உங்கள் வீட்டுச் சுவரிலும் அப்படி ஒன்று இருக்கும். வளைகாப்பு, பூச்சூட்டல் என்றால் கேட்கவே வேண்டாம், பிள்ளைத்தாய்ச்சியை முக்காலியில் உட்கார வைத்துத் தெருவே தைக்கும்.

இதற்கு என்ன வேண்டும்? மூன்று மணி நேரம் சும்மா இருக்கிற அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா வேண்டும். நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் மட்டும் என்று தனிக்குடித்தனம் வந்த பிறகு, நான் தைக்க ஆரம்பித்தால் அடுப்பை யார் பார்ப்பது? பூ ஜடையை யாரும் அசிங்கம் என்று ஒதுக்கவில்லை. கை இல்லாமல்தான் அது நின்றது. ஒற்றைப் பின்னலுக்குக்கூடப் பின்னால் ஒருத்தர் இருந்தால்தான் நன்றாக வரும். தன் கையாலேயே செய்துகொள்ளக்கூடியது என்ன? கிளிப் ஒன்றைக் குத்திக்கொண்டு ஓடுவது. இப்போது அதே பூ ஜடை அட்டையில் தைத்த ரெடிமேடாகத் திரும்பி வந்திருக்கிறது. முகூர்த்தத்துக்குக் கட்டிக்கொண்டு, ரிசப்ஷனுக்கு அவிழ்த்து வைத்துவிட்டு, முடியை விரித்துவிட்டுக்கொள்கிறார்கள்.

வேலையும் ஒரு காரணம். ராட்டையில் தார் சுற்றுகிற பெண் முடியைத் தொங்கவிட முடியாது. என் மாமியாரின் கோடாலி முடிச்சு அழகுக்கு வந்தது இல்லை, ராட்டைக்குப் பயந்து வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் இதே பயம் அமெரிக்காவுக்கு வந்தது. வெரோனிகா லேக் என்ற நடிகை ஒரு கண்ணை மறைத்து முடியைத் தொங்கவிடுவது அப்போது பெரிய ஃபாஷன். யந்திரங்களில் வேலை செய்யும் பெண்களின் முடி சிக்கிக்கொள்ளும் ஆபத்து என்று, அரசாங்கம் கேட்டுக்கொண்டதன் பேரில் 1943-ல் அவர் தன் முடியைத் தூக்கிக் கட்டிக் காட்டினார். இன்றைக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலை பஸ் ஏறுகிற பெண்களைப் பார்க்கிறேன். இறுக்கின ஒரு சின்னக் கொண்டை. அதன் மேல் வேலை இடத்தில் தொப்பி வரும். வருங்காலத்துக் கைலாசநாதர் கோயில் சிற்பி யாராவது இருந்தால் இதைத்தான் செதுக்க வேண்டும்.

கொஞ்சம் ஆரோக்கியம்

நடுவில் ஒரு வார்த்தை, சின்னக் குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு. எந்த ஃபாஷனாக இருந்தாலும் முடி தோலிலிருந்து வருகிறது என்பதை மறக்க வேண்டாம். நெற்றியோரம் தோல் இழுபடும்படி தினமும் இறுக்கிப் பின்னினாலோ, உச்சிக்கொண்டை போட்டாலோ, அந்த ஓரத்து முடி மெள்ள மெள்ள உதிரும். நெடுநாள் விட்டுவிட்டால் அங்கே திரும்ப வளராமலே போகலாம். பின்னி முடித்ததும் குழந்தை "வலிக்குது" என்றால் அது நடிப்பு இல்லை, தளர்த்திப் போடுங்கள். ஈரத்தலையை இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம்.

பிரசவமாகி இரண்டு மூன்று மாசத்தில் சீப்பு சீப்பாக முடி கொட்டுகிறதே என்று அழுகிற பெண்கள் நிறைய. நானும் அழுதவள்தான். கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கியிருந்த முடி ஒரேயடியாக விழுகிறது, அவ்வளவே. பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் சரியாகிவிடும். அதற்கு மேலும் கொட்டினாலோ, களைப்பும் மூச்சு வாங்கலும் சேர்ந்திருந்தாலோ, ரத்தசோகையும் தைராய்டும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் போங்கள். எண்ணெய்ப் புட்டிகளுக்குப் பணம் அழாதீர்கள். சாதாரணமாகவே தினம் ஐம்பது முதல் நூறு முடி உதிரும், மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். முடியை நேராக்குகிறேன் என்று பார்லரில் போடுகிற சில மருந்துகளிலிருந்து சூடு படும்போது ஃபார்மால்டிஹைடு என்ற வாயு வரும்; கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் அந்தப் பக்கமே போக வேண்டாம். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் பொய். வேண்டுதலுக்குப் போடுங்கள், அடர்த்திக்காகப் போட வேண்டாம்.

மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் மத்தியானம் நான் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏன் அத்தை, நான் தலை உலர்த்தினாலே திட்டுவீங்க. உங்க பேத்தி இரண்டடி முடியை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறாள், நீங்கள் தடவிக் கொடுக்கிறீர்களே?"

அவர் வெற்றிலையை மென்று முடிக்கிறவரை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார். பத்து வயதில் ஒரு நாள் அப்பாவோடு சின்ன காஞ்சிபுரத்துக்குப் போனாராம். வரதர் கோயில் பக்கத்தில் ஒரு வீட்டில் கல்யாணம். நெய்த புடவைகளைக் கொடுக்கப் போனது. திண்ணையில் ஒரு பாட்டி. தலையில் முடி கிடையாது. நார்மடிப் புடவையை முக்காடு போட்டிருந்தார். எதிரில் ஒரு குழந்தையை உட்கார வைத்துப் பூ ஜடை தைத்துக்கொண்டிருந்தார். "அந்த மாரி ஒரு ஜடைய நான் பார்த்ததே இல்ல. மொட்டு ஒண்ணு முன்னாடி இல்ல, ஒண்ணு பின்னாடி இல்ல. பாவுல இழை கட்டின மாரி இருந்துச்சி" என்றார் மாமியார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் திண்ணைக்குக் கீழே நின்று பார்ப்பாராம். மடி என்று பாட்டி இவரைத் தொட மாட்டார். ஆனால் தூரத்திலிருந்தே விரலை மடக்கிக் காட்டி, ஊசியை எந்தப் பக்கம் விட வேண்டும், எதை எங்கே இறுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாராம். பிற்பாடு பிள்ளையார்பாளையத்தில் யார் வீட்டு வளைகாப்பு என்றாலும் ஜடை தைக்க என் மாமியாரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வித்தை அங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் குழந்தைப் புத்தியில் கேட்டுவிட்டாராம், "உங்களுக்கு ஜடை இருந்துச்சா பாட்டி?" என்று.

பாட்டி கையால் முழங்காலைத் தொட்டுக் காட்டினாராம். அவ்வளவு நீளம். பதினோரு வயதில் தாலி அறுத்து, பதினெட்டு வயதில் முடி எடுத்தார்களாம். அன்றிலிருந்து தவறாமல் கொல்லைப்புற வாசல் வழியாக நாவிதர் வருவார். "எடுத்ததை எங்கே கொண்டு போட்டான்னே தெரியலைடி கொழந்தே. ஒருத்தரும் சொல்லலை, நானும் கேக்கலை" என்றாராம்.

அந்தப் பாட்டி இளம் பெண்ணாக இருந்த காலத்தில்தான், தானும் சின்ன வயதிலேயே கணவரை இழந்த சகோதரி சுப்புலட்சுமி 1911-ல் பி.ஏ. பட்டம் வாங்கி, பிறகு சென்னையில் இளம் விதவைகளுக்கு விடுதி நடத்திப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். குழந்தைக் கல்யாணத் தடைச் சட்டம் 1929-ல் வந்தது. நாற்பத்தைந்து மைல் தூரத்தில் சென்னை. அந்தக் கொல்லைப்புற வாசலுக்கு அதெல்லாம் வந்து சேரவில்லை. இன்றைக்கு அந்த வழக்கம் போய்விட்டது. பவுடர் போன மாதிரி, தேன்கூடு கொண்டை போன மாதிரி அது தானாகப் போகவில்லை. பலர் சண்டை போட்டுத்தான் போயிற்று.

"இவ தானா போயி அறுத்துக்கினா. பொட்டலம் கட்டி வூட்டுக்கு எடுத்தாந்தா" என்றார் மாமியார். "அது வேற, இது வேற." எழுந்து போய் அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்தார். "ஏம்மா, இத இன்னா பண்ணப் போற?"

புற்றுநோய் வைத்தியத்தில் முடி இழந்தவர்களுக்கு விக் செய்யக் கொடுக்கப் போவதாக மகள் ஏற்கெனவே தோழிகளோடு ஏற்பாடு செய்துவைத்திருந்தாள். எனக்குத்தான் சொல்லவில்லை. நான்தான் பேசவே இல்லையே!

"குடு, நல்லா குடு. வர்ற வெள்ளிக்கிழம வரைக்கும் வெச்சிரு" என்றார் மாமியார். என் நாத்தனார் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அவளுக்குக் காது வரைதான் முடி.

வெள்ளிக்கிழமை காலையில் பின்னலின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, கீழே வாழைப்பட்டையை விரித்து, மாமியார் தைக்க உட்கார்ந்தார். விரல் மடங்க மாட்டேன் என்கிறது. வரிசைக்கு நாலு மொட்டு வைத்ததும் ஒரு தரம் கையை உதறிக்கொள்கிறார். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து மொட்டுகளை அளவு பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஊசியில நூலு கோத்துக் குடுடி, எனக்குக் கண்ணு தெரியல" என்றார் மாமியார். "அப்புறம் அடுத்த வரிசைய நீ போடு. இடது பக்கத்துல விட்டு எடு. நான் சொல்றேன்."